மடிப்பின் ஓரத்தில் அப்பாவின் இரண்டு வரி

ஏரோகிராமின் ஓரத்துப் பசையை நாக்கால் நனைத்து ஒட்டினால் ஒரு கசப்பு நாக்கு நுனியில் தங்கிவிடும். காபி குடித்தாலும் லேசில் போகாது. வெளிநாட்டுக்கு எழுதும் அந்த மெல்லிய நீலத்தாளை வாரம் ஒன்றாக ஒட்டி ஒட்டி, பன்னிரண்டு வயதிலேயே எனக்கு அந்தக் கசப்பு பழகிப்போயிருந்தது. எழுபதுகளின் நடுவில், தி.நகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தோம். என் அக்கா மல்லிகா, பதினாறு வயதில், மாணவர் பரிமாற்றத் திட்டம் ஒன்றில் தேர்வாகி, அமெரிக்காவில் ஒரு குடும்பத்தோடு ஒரு வருஷம் தங்கிப் படிக்கப் போனாள். மீனம்பாக்கத்தில் விமானம் ஏறுவதற்கு முன் என்னைத் தனியாக இழுத்துப் போய், "பாப்பா, அம்மா எல்லாத்தையும் பூசி மெழுகிடுவாங்க. நல்லதோ கெட்டதோ, நீ மறைக்காம எழுதணும்" என்றாள். அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

கடிதத்துக்கு எங்கள் வீட்டில் ஒரு முறை இருந்தது. அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். கடைசி மடிப்பின் ஓரத்தில் அப்பாவுக்கென்று கொஞ்சம் இடம் விட வேண்டும். தேனாம்பேட்டையில் குமாஸ்தாவாக இருந்த அப்பா, ஆபீஸ் ஃபைலில் குறிப்பு எழுதுகிற மாதிரி அதில் இரண்டே வரி எழுதுவார். "எடை எவ்வளவு? பாஸ்போர்ட் எங்கே வைத்திருக்கிறாய்?" எல்லாக் கடிதத்திலும் இதேதான். அக்காவும் சலிக்காமல், "பெட்டியில் பத்திரமாக இருக்கிறது அப்பா" என்று பதில் போடுவாள்.

ஐப்பசி மழையில் ஒரு காலை, முகச்சவரம் செய்துகொண்டிருந்த அப்பா அப்படியே சரிந்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன; பேச்சு குழறியது. "வாதம்" என்றார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே பெரியப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். "அந்தப் பொண்ணுக்கு ஒரு வார்த்தை போகக்கூடாது. தெரிஞ்சா படிப்பைப் பாதியில விட்டுட்டு ஓடி வந்துடும். அவன் ஆசைப்பட்டு அனுப்பினது. முடிச்சிட்டு வரட்டும்."

மறுநாள் அம்மா ஏரோகிராமை என் முன்னால் வைத்தாள். "இங்கே எல்லாரும் சௌக்கியம்" என்று அவள் சொன்னதை அப்படியே எழுதினேன். ஓரத்து இடம் வெறுமையாகக் கிடந்தது.

"அப்பாவோடதையும் நீயே எழுதிடு" என்றாள் அம்மா.

"அவர் எழுத்து எனக்கு எப்படிம்மா வரும்?"

"ப்ராக்ரஸ் கார்டுல வந்துச்சில்ல, அதே மாதிரிதான்."

கணக்கில் முப்பத்திரண்டு வாங்கிய மாதம் நான் போட்ட திருட்டுக் கையெழுத்து அம்மாவுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. அதற்கு அன்றைக்கே நாலு அடி கொடுத்திருந்தால் இதைவிட நிம்மதியாக இருந்திருக்கும். அப்பாவின் பழைய குறிப்பு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, எடையையும் பாஸ்போர்ட்டையும் வார்த்தை மாறாமல் எழுதி, பசையை நாக்கால் நனைத்து ஒட்டினேன்.

கடிதம் போய்ப் பதில் வர மூன்று வாரம் ஆகும். கண்டுபிடித்துவிடுவாளோ என்று அந்த மூன்று வாரமும் எனக்குச் சோறு இறங்கவில்லை. "பாப்பா, அமெரிக்கா லெட்டர் வந்துக்கீது" என்று தபால்காரர் குரல் கொடுத்தால் வாசலுக்கு ஓடுவேன். பிரித்ததும் அப்பாவுக்கு எழுதிய இடத்தைத்தான் தேடுவேன். "பாஸ்போர்ட் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது அப்பா." அப்பாடா என்றிருக்கும். கட்டிலில் கிடந்த அப்பாவுக்கு அம்மா அதை வாசித்துக் காட்டுவாள். அவர் மெல்லத் தலையாட்டுவார்.

பதில் வரும்வரை காத்திருக்காமல் அடுத்தடுத்த கடிதங்களும் போய்க்கொண்டுதான் இருந்தன. இரண்டாவதிலேயே எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. பேச முடியாமல் கிடந்த அப்பா என்னிடம் எதையெல்லாம் சொல்லமாட்டாரா என்று ஏங்கினேனோ, அதையெல்லாம் அக்காவுக்கு எழுதினேன். "உன்னை நினைக்காத நாளே இல்லை, கண்ணு. நீ கெட்டிக்காரி." பாஸ்போர்ட் கேள்வி அசட்டுத்தனமாகப் பட்டதால் அதை விட்டுவிட்டேன். அதற்குப் பிறகும் அக்காவின் கடிதங்களில், "பாஸ்போர்ட் பெட்டியில் இருக்கிறது அப்பா" என்று தவறாமல் வந்தது. கேட்காத கேள்விக்கு ஏன் பதில் எழுதுகிறாள் என்று யோசிக்கும் புத்தி எனக்கு இல்லை. தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன்.

ஜூன் மாதம் அக்கா திரும்பினாள். மீனம்பாக்கத்தில் கம்பித் தடுப்பில் சாய்ந்துகொண்டு, இடது கையில் தடியோடு அப்பா நின்றார். வெளியே வந்த அக்கா அவரைப் பார்த்தாள். பெட்டியை நழுவ விட்டாள். அத்தனை ஜனத்துக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். "பாத்தியா, பொண்ணு தாங்காதுன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்று பெரியப்பா அம்மாவிடம் சொன்னார்.

அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது அக்கா என் முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

"ரெண்டாவது லெட்டர்லயே தெரிஞ்சுபோச்சு, நீதான் எழுதறேன்னு. அப்பா என்னைக்குக் கண்ணுன்னு எழுதியிருக்காரு?"

"அப்புறம் ஏன் கேக்கல?"

"அப்பா செத்துட்டாருன்னு நெனச்சேன். கேட்டா ஆமாம்னு எழுதிடுவீங்களோன்னு பயம்."

ஏழு மாதம். முன்பின் தெரியாத ஊரில், யாரிடமும் சொல்லாமல், இல்லாத அப்பாவுக்கு என்று நினைத்துக்கொண்டே அவள் பதில் எழுதியிருக்கிறாள். கொடியில் இருந்த புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நான் அழுதேன். மறைக்காமல் எழுதியிருந்தால் அவளுக்குக் கை விளங்காத அப்பாவாவது இருந்திருப்பார்.

அப்பா அதன்பின் பதினோரு வருஷம் இருந்தார். இடது கையால் கோணல்மாணலாக எழுதப் பழகினார். பழைய எழுத்து திரும்பவே இல்லை. ஏரோகிராம் வாங்கத் தபால் நிலையம் போகிறவர்களையும் நான் பார்த்து வெகுகாலம் ஆயிற்று. இப்போது அக்காவின் பேத்தி வெளிநாட்டிலிருந்து தினமும் போனில் முகம் காட்டுகிறாள். "எல்லாரும் சௌக்கியம்" என்று யார் சொன்னாலும் அக்கா விடுவதில்லை. ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் குரலைக் கேட்ட பிறகுதான் போனை வைப்பாள்.

போன மாதம் அடையாறில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். பேச்சுவாக்கில் ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து என் முன்னால் வைத்தாள். "அப்பா எழுத்து இன்னும் வருதா உனக்கு?"

அத்தனை வருஷமாகத் தொடாத எழுத்து. கை மறக்கவில்லை. "பாஸ்போர்ட் எங்கே வைத்திருக்கிறாய்?" என்று எழுதி நகர்த்தினேன்.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை வெகுநேரம் பார்த்தாள்.

"பெட்டியிலதான் இருக்குப்பா" என்றாள்.