தண்ணீர் கலக்காத பால்

என் அப்பா ஞானரட்ணத்தைத் தீயணைப்பு வீரர் என்று யாரும் சொன்னதில்லை. பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்டத்தின் கடைசி டிவிசனில் அவர் தொழிலாளி. தேயிலையைக் கவ்வாத்து வெட்டினார், மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டினார், மருந்தடித்தார். மாசி, பங்குனியில் மலையுச்சியில் மானாப்புல் பற்றிக்கொண்டால், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில், மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு முதலில் அவர் பெயரைத்தான் கூப்பிடுவார். ஒரு பச்சைக் கொப்பையும் நனைத்த சாக்கையும் எடுத்துக்கொண்டு அப்பா ஏறுவார். தீ தேயிலைக்குள் இறங்காமல் அடித்து நிறுத்திவிட்டு, புருவம் பொசுங்க இறங்கி வருவார். அந்த நாளும் சில்லறை வேலை என்றே பதியப்படும்.

நான் கட்டாரில் தீப்பாதுகாப்புத் தொழில்நுட்பவியலாளன். இன்னும் யாரும் குடிவராத கோபுரங்களில் புகை உணரிகளைப் பொருத்தி வந்தேன். ஆளில்லாத வீட்டுக்கு மணி கட்டுகிறவன் என்று அப்பா என்னைக் கேலி செய்வார்.

இந்த வருடம் மாசியில், தீயடிக்க ஏறியவர்கள் மலையில் நிற்கும்போதே காற்று திரும்பியது. அப்பாவோடு ஏறிய இளம் தொழிலாளி துஷாந்த் ஒரு பள்ளத்தில் அகப்பட்டுக்கொண்டான். அவனை இழுத்தெடுக்கப் போன அப்பாவின் இரண்டு கைகளும் வெந்தன. நெஞ்சு நிறையப் புகை போயிற்று. துஷாந்த் அங்கேயே இறந்தான். அவனுடைய மனைவி நிரோஜினியிடம் கைக்குழந்தை இருந்தது.

நான் வந்து சேர்ந்தபோது விசாரணை முடிந்திருந்தது. தோட்டத்து எல்லைக் கல்லைத் தாண்டிப் போனது அவர்களுடைய இஷ்டம் என்றது தோட்ட நிர்வாகம். காடு எங்களுடையது, ஆட்கள் எங்களுடையவர்கள் அல்ல என்றார்கள் காட்டுக்குப் பொறுப்பானவர்கள். எல்லைக் கல்லோடு நின்றிருந்தால் தேயிலை எரிந்திருக்கும். அது இரண்டு தரப்புக்கும் தெரியும். பிறகு உதவி கொடுக்கிறோம் என்று ஒரு கூட்டம் பதாகையோடு வந்தது. படம் எடுப்பதற்காக உலர் உணவுப் பையைக் கட்டுப்போட்ட கைகளால் பிடிக்கச் சொன்னார்கள். அப்பாவால் முடியவில்லை. அம்மா பிடித்துக்கொண்டார். படத்தில் அப்பாவின் முகம் பாதிதான் விழுந்திருந்தது.

தவறாமல் உதவியவர் ஒருவர்தான். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் கடைசிக் காம்பராவில் இருக்கும் சின்னத்தம்பி மாமா. ஒரு பசு வைத்துப் பால் விற்கிறார். தீக்குப் பிறகு தினமும் விடிந்ததும், காசு வாங்காமல், எங்கள் வாசலில் இரண்டு போத்தல் பால் வைப்பார். ஒன்று எங்களுக்கு. மற்றது மேல் லயத்தில் இருக்கும் நிரோஜினிக்கு. அங்கே அவர் போகமாட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அப்பாதான் கொண்டுபோவார். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்ததால், துணிப்பைக்குள் போத்தலைப் போட்டு முழங்கையில் மாட்டிக்கொள்வார். நாலு படி ஏறுவார், நின்று இருமுவார், மறுபடி ஏறுவார். நான் கொண்டுபோகிறேன் என்றால் கோபப்படுவார்.

மழைக்கு முன் ஒருநாள் நான் மலைக்குப் போனேன். புல்தீ ஓடிவந்த பக்கத்தில் கல் கறுத்திருக்கும், மறுபக்கம் வெளுத்திருக்கும். இது எங்கள் பயிற்சியில் சொல்லித் தந்தது. கல்லுக்குக் கல் கறுத்த பக்கத்தைப் பார்த்துப் பின்னோக்கி நடந்தேன். உச்சியிலிருந்து கீழே, தோட்டத்து ஓரத்தில் ஓர் ஓடைக்கரையில் போய் முடிந்தது. அங்கே மாடு கட்டுகிற முளை ஒன்று இருந்தது. அந்த இடத்தில் யார் மாடு கட்டுவார் என்று டிவிசனில் எல்லோருக்கும் தெரியும். முற்றிய மானாவைக் கொளுத்திவிட்டால், முதல் மழைக்கு இளம்புல் வரும். மாடு வைத்திருப்பவர்கள் அதற்காக நெருப்பு வைப்பதுண்டு.

அப்பாவிடம் வந்து சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"கல்லப் பாத்தே கண்டுபுடிச்சிட்டியா? கட்டாருல இதுக்குத்தான் சம்பளம் குடுக்குறாங்களாடா?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"மேல ஏறும்போதே தெரியும். பொக எங்கயிருந்து வருதுன்னு பாக்காமலா ஏறுவேன்?"

பொலிசுக்குப் போகிறேன் என்றேன். அப்பா இருமி முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"அவன் யாரையும் கருக்குறதுக்கு வச்ச நெருப்பு இல்லடா அது. புல்லுக்கு வச்சான், காத்து கொண்டு போயிருச்சு. அவன உள்ள போட்டுட்டா அந்தப் புள்ளைக்கு யாரு பால் குடுக்குறது? தோட்டத்துத் தொரையா?" கொஞ்சம் மூச்சு வாங்கினார். "இத்தன வருசத்துல அவன் தண்ணி கலக்காம பால் குடுக்குறது இப்பதான். அதுலயே தெரியலியா ஒனக்கு?"

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்த ஆள் வைத்த நெருப்பில் ஒருவன் செத்தான்; என் அப்பா மூச்சுக்குத் தவிக்கிறார். அப்பா உயிரோடு இருக்கும்வரை போகமாட்டேன் என்று மட்டும் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வைகாசியில் இறந்தார். சின்னத்தம்பி மாமா சவப்பெட்டியின் முன்பக்கத்தைத் தோளில் வாங்கினார். கல்லறைகள் இருக்கும் சேமக்காலை வரை ஆள் மாற்றவில்லை. மாறிக்கொள்ளப் போனவர்களைத் தலையசைத்து விலக்கினார். என் பக்கம் பார்க்கவில்லை. குழிக்குள் மண் போடும்போது, விடிந்ததும் முதல் பஸ்ஸில் பொலிசுக்குப் போவதென்று முடிவெடுத்தேன்.

காலையில் கதவைத் திறந்தால் வாசலில் இரண்டு போத்தல்கள் இருந்தன.

அம்மா எழும்பவில்லை. குழந்தை பாலுக்குக் காத்திருக்கும். கொடுத்துவிட்டு அப்படியே இறங்கிப்போய் பஸ் ஏறலாம் என்று மேல் லயத்துக்குப் போனேன். அப்பா நின்று இருமுகிற இடங்களில் என் கால்களும் நின்றன.

நிரோஜினி போத்தலை வாங்கினாள். கண்கள் வீங்கியிருந்தன. அப்பா இறந்துவிட்டதால் இனிப் பால் வராது என்று நினைத்திருந்தாளாம். தோட்டம் கைவிட்டது, படம் பிடித்தவர்கள் திரும்பி வரவில்லை, சின்னத்தம்பி மாமா ஒருவர்தான் தங்களை மறக்கவில்லை என்றாள். அவர் பெயரைச் சொல்லித் தினமும் மாதாவிடம் மன்றாடுகிறாளாம்.

அடுப்பில் வைத்த பால் பொங்கி வந்தது. ஆடையைக் கரண்டியால் ஒதுக்கினாள்.

"இந்த மாசம் பால் நல்ல கெட்டிண்ணே," என்றாள். "மேல புதுப் புல்லு வந்துருக்குல்ல."

கதவு வழியே மலை தெரிந்தது. துஷாந்த் இறந்த பள்ளம் வரைக்கும் பச்சையாக இருந்தது.

"ஆமா," என்றேன்.

கீழே வளைவில் பஸ் ஹோர்ன் அடித்தது. பிறகு சத்தம் குறைந்து போயிற்று. நிரோஜினி போத்தலைக் கழுவித் தந்தாள். அதைக் கொண்டுபோய் சின்னத்தம்பி வீட்டு வாசலில் வைத்தேன். உள்ளே ஆள் இருப்பது தெரிந்தது. நான் கதவைத் தட்டவில்லை. அவரும் திறக்கவில்லை.

இன்னும் கட்டாருக்குத் திரும்பவில்லை. அவரோடு ஒரு வார்த்தை பேசியதுமில்லை. பால் மட்டும் கொண்டுபோகிறேன்.