ஒரு டம்ளர் காபியும் மூன்று ரவுண்டானாக்களும்

அப்பாவின் காரை விற்பதா வைத்துக்கொள்வதா என்ற வழக்கைத் தீர்த்துவைத்தது ஒரு டம்ளர் காபி. அந்த வழக்கில் நான்தான் நீதிபதி. அப்போது எனக்கு ஒன்பது வயது.

குவைத்தில் அப்பாசியாவில் குடியிருந்தோம். எங்கள் கட்டடத்தில் குடும்பஸ்தர்கள் எல்லாரும் ஏழு பேர் உட்காரும் வண்டியாகப் பார்த்து வாங்கியிருக்க, அப்பா மட்டும் மலிவாகக் கிடைத்ததென்று ஒரு பழைய எட்டு சிலிண்டர் அமெரிக்கக் காரை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். நீண்ட மூக்கு, இரண்டே கதவு. பின்சீட்டில் எனக்கே முட்டி இடிக்கும். கல்லூரி விடுதியில் நான்கு வருஷமும் தலைமாட்டுச் சுவரில் இந்தக் காரின் படத்தைத்தான் ஒட்டியிருந்தாராம். நேர்ரோட்டில் அது பறக்கும். வளைவில்தான் வினை. ஒரு பக்கமாகச் சாய்ந்து, கொஞ்சம் யோசித்து, அதற்கப்புறம்தான் திரும்பும்.

அந்தப் பொங்கலுக்கு மங்காஃபில் அப்பாவின் நண்பர் வீட்டில் கூட்டுச் சாப்பாடு. ஆளுக்கொரு பதார்த்தம், எங்கள் பங்கு சாம்பார். அவர் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய ரவுண்டானாவில் அப்பா திரும்பினார், கார் சாய்ந்தது, அம்மாவின் மடியிலிருந்த தூக்குவாளியின் மூடி கழன்றது. கல்யாணப் பட்டுப்புடவை முழுக்க முருங்கைக்காய். நல்லவேளை, சூடு ஆறியிருந்தது. அம்மா கத்தவில்லை. அதுதான் எங்கள் இருவருக்கும் பயமாக இருந்தது. வீட்டுக்கு வந்து புடவையை அலசிப் போட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

“இந்த வண்டில ஒரு டம்ளர் காபிய சிந்தாம மங்காஃப் வரைக்கும் கொண்டுபோய்க் காட்டுங்க. இல்லேன்னா லீவுக்கு ஊருக்குப் போறதுக்குள்ள இத வித்துட்டு, எல்லாரையும் மாதிரி ஒண்ண வாங்குங்க.”

அம்மா டீ குடிப்பவள். காபி வாசனை பட்டாலே தலைவலி என்பாள். அப்பாவுக்கு உயிரே காபிதான். வேண்டுமென்றே தேடிப் பிடித்துத்தான் காபியைச் சொல்லியிருக்கிறாள்.

மறுநாளே அப்பா ஒரு நோட்டு போட்டார். புது உதிரிபாகங்களுக்கு வீட்டில் அனுமதி கிடைக்காதென்று அவருக்குத் தெரியும். எனவே முதலில் காசு அதிகம் செலவில்லாத வைத்தியம். டிக்கியில் நிரந்தரமாகக் குடியிருந்த தண்ணீர் கேன்கள், கிரிக்கெட் மட்டைகள், கடற்கரைப் பாய் எல்லாவற்றையும் காலிசெய்தார். டயர்களில் காற்றைச் சரியாக அளந்து வைத்தார். சக்கரங்களை அலைன்மென்ட் பார்த்தார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சோதனை ஓட்டம். பின்சீட்டில் தட்டு ஒன்றை மடியில் வைத்து, அதில் தண்ணீர் நிறைந்த டம்ளரைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். தட்டில் சிந்திய தண்ணீரை விரலால் அளந்து தீர்ப்பு சொல்வேன். முதல் வாரம் இரண்டு விரல். நியாயத்தில் நான் கறார்.

ஷுவைக்கில் கராஜ் வைத்திருந்த லாகூர்க்கார பாய்தான் அப்பாவைக் குழப்பிவிட்டவர். “சாப், காடி நீச்சே கரோ, கலாஸ்” என்றார். வண்டியைத் தாழ்த்தினால் முடிந்தது கதை என்று அர்த்தம். பழைய குட்டை ஸ்பிரிங்குகள் நான்கை மாட்டியும் கொடுத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் என் பள்ளிக்கூடத்து வாசல் வேகத்தடையில் வயிறு உரசி, அசெம்பிளிக்கு நின்ற பிள்ளைகள் மொத்தமும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வாரம் டம்ளரே கையைவிட்டுத் துள்ளிவிட்டது. அப்பா முகம் தொங்கிப்போய் ஸ்பிரிங்குகளைத் திருப்பிக் கொடுத்தார்.

அதன்பிறகு யார் பேச்சையும் கேட்கவில்லை. சக்கர மூட்டுகளில் வெயிலில் பிஸ்கட்டாக நொறுங்கிப்போயிருந்த ரப்பர் புஷ்களை மாற்றினார். ஷாக் அப்சார்பர்களைப் புதிதாகப் போட்டார். அதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது என்று அம்மாவிடமே கெஞ்சினார். கடைசியாக, ஸ்க்ராப் யார்டில் அடிபட்டுக் கிடந்த அதே மாதிரி காரிலிருந்து தடித்த ஸ்டெபிலைசர் கம்பி ஒன்றைக் கழற்றி வந்தார். வளைவில் வண்டி சாயாமல் பிடித்துக்கொள்வது அதுதானாம். கீழே பார்க்கிங்கில் காருக்கடியில் மல்லாந்து படுத்து அவரே அதை மாட்டினார். அவருடைய இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிய, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த அந்த மத்தியானம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

லீவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது இறுதி விசாரணை. அம்மா முன்சீட்டில் மடியில் வெள்ளைத் துண்டை விரித்துக்கொண்டு, விளிம்புக்கு அரை விரல் கீழே காபி நிற்கும் டம்ளரைப் பிடித்துக்கொண்டாள். முதல் ரவுண்டானாவில் காபி அசங்கவே இல்லை. இரண்டாவதில் விளிம்புவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு இறங்கியது.

மூன்றாவது, சாம்பார் கொட்டிய அதே ரவுண்டானா. நுழைவதற்கு வண்டிகள் வரிசையாகக் காத்து நின்றன. அப்பா உள்ளங்கை வியர்வையைப் பேன்ட்டில் துடைத்தார். உடனே மறுபடியும் துடைத்தார். அம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வருகிற வண்டிகளைப் பார்க்க அப்பா இடப்பக்கம் திரும்பியதும், டம்ளரைத் தூக்கி மடக் மடக்கென்று இரண்டு வாய் குடித்தாள். கஷாயம் குடித்த மாதிரி முகத்தைச் சுளித்து, உதட்டைத் துடைத்துக்கொண்டு, டம்ளரைப் பழைய இடத்திலேயே வைத்தாள்.

கார் திரும்பியது. ஒரு சொட்டு சிந்தவில்லை.

அப்பா ஓரமாக நிறுத்தித் துண்டை விரித்துப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது. “பாப்பா, தீர்ப்பு?” என்றார். சிந்தியதா என்பதுதான் கேள்வி, குடித்தார்களா என்பது இல்லை. சிந்தவில்லை என்றேன். அம்மாவுக்குப் பாவம், தாகம்.

அந்தக் கார் மேலும் பதினொரு வருஷம் எங்களோடு இருந்தது. போகிற வீட்டிலெல்லாம் அப்பா அந்த ஸ்க்ராப் கம்பியின் மகிமையை ஆரம்பிப்பார். “மடியில நான்தான வச்சிருந்தேன், ஒரு சொட்டு சிந்தல” என்று அம்மா பக்கத்திலிருந்து சாட்சி சொல்வாள். முதல் தடவை கேட்டபோது நான் பதறிப்போய், “அம்மா, நீதான் பாதிய குடிச்சிட்டியே” என்று அவள் காதில் நினைவூட்டினேன். அம்மா ஒரு முறுக்கை எடுத்து என் வாயில் வைத்துவிட்டு, அப்பா சொல்வதைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு ஞாபகமறதி வந்துவிட்டது என்று அன்று ராத்திரி நான் உண்மையிலேயே கவலைப்பட்டேன்.