ஊர் பஸ்

வளைவு வந்ததும் மொபெட்டின் வேகத்தைக் குறைத்துவிடுவார். பின் சீட்டில் மடித்துப் போட்ட சாக்கை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, நடந்துபோகிறவர் பக்கத்தில் வண்டியை நிறுத்துவார். எங்கே போகிறீர்கள் என்று கேட்பதில்லை. அந்த மண் ரோட்டில் நடப்பவர் எவரானாலும் நாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மெயின் ரோட்டுக்குத்தான் போயாக வேண்டும். பஸ் அங்கேதான் வரும்.

கிராம அலுவலகத்தில் எழுத்தர் வேலை. ஐம்பத்து நாலு வயது. காலையில் மூன்று நடையாவது அடித்துவிட்டுத்தான் ஆபீஸ் பூட்டைத் திறப்பார். ஊர் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'ஊர் பஸ்'. "பஸ்ஸு வந்துடுச்சு, ஏறு ஏறு" என்று யாராவது சிரித்தால் மட்டும் மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மற்றபடி வாயில்லாப் பூச்சி. நல்ல மனுஷன், கொஞ்சம் முசுடு என்று ஊர் அவரை அத்தோடு விட்டுவிட்டது.

விஷயம் அவருக்கும் மனைவிக்கும் மட்டும் தெரியும். பதினொரு வருஷத்துக்கு முன்னால் மெயின் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மூன்று வாரம் பஸ் ஊருக்குள் புகுந்து சுற்றிக்கொண்டு போனது. அந்த நேரம் பார்த்தா மேலிடத்திலிருந்து ஊர் விவரப் படிவம் வர வேண்டும்? மக்கள் தொகை: அறுநூற்று நாற்பது. ஊருக்குள் பேருந்து வருகிறதா? ஜன்னலுக்கு வெளியே ஹாரன் அடித்துக்கொண்டு பஸ் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து ஊர் எழுத்தரிடம் இளப்பமாகிவிடக் கூடாதென்ற வீம்பு வேறு. 'ஆம்' என்று எழுதினார்.

ரோடு சரியானதும் பஸ் பழைய வழிக்கே போய்விட்டது. 'இல்லை' என்று எழுதிய ஊர்களுக்கெல்லாம் மறு வருஷமே பஸ் விட்டார்கள். படிவத்தில் கையெழுத்துப் போட்ட அதிகாரியை ஊரே வைதது. அவர்தான் மாற்றலாகிப் போய்விட்டாரே, பழியும் அவரோடு போகட்டும் என்று இவர் வாயை மூடிக்கொண்டார். எழுதியதைவிட, அன்று வாயை மூடிக்கொண்டதுதான் இன்றுவரை அவரை அறுக்கிறது.

போன மாதம் புதுப் படிவம் வந்தது. அழுத்தி 'இல்லை' என்று எழுதினார். ஆனால் இப்போது ஐந்நூறு பேராவது இருந்தால்தான் பஸ்ஸாம். வீடு வீடாக இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். முந்நூற்று எண்பத்தெட்டுக்கு மேல் ஒரு தலை கூடவில்லை. பஸ் இல்லாத ஊரில் எத்தனை காலம்தான் குப்பை கொட்டுவார்கள்? பள்ளிக்கூடம், வேலை என்று குடும்பம் குடும்பமாக வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

"போனவங்களையும் சேத்து எழுதிட்டா என்னவாம்?" என்றாள் மனைவி.

"ஒரு தடவ தப்பா எழுதுனதுக்கே இன்னும் வண்டி ஓட்டிட்டிருக்கேன்" என்றவர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துகொண்டார்.

நேற்று வளைவில் தையல்காரம்மா நின்றிருந்தாள். கையில் துணி மூட்டை, முழங்காலில் வீக்கம். வழியெல்லாம் அவள்தான் பேசிக்கொண்டு வந்தாள்.

"எம் பொண்ணு பத்தாவதோட நின்னதே இந்த நடையாலதாண்ணே. பஸ் இருக்குன்னு எழுதி வச்சானே அந்த ஆபீசர், அவன் கை விளங்குமா?"

மொபெட் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. நான்தாம்மா எழுதினேன் என்பது தொண்டை வரை வந்தது. அதற்குள் மெயின் ரோடும் வந்துவிட்டது.

அவள் மெல்ல இறங்கி மூட்டையைக் கீழே வைத்தாள். தூரத்தில் பஸ் தெரிந்தது.

"உங்க புண்ணியத்துலதாண்ணே என் பொழப்பு ஓடுது. அந்தக் கையக் கொஞ்சம் குடுங்க, கண்ணுல ஒத்திக்கிறேன்."

எழுத்தர் ஹேண்டில்பாரிலிருந்து வலது கையை எடுக்கவில்லை. இடது கையை நீட்டினார்.