மெத்தென்ற பாதி

குருத்தெலும்பு எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள் காது மடலைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம். காதிலும் மூக்கு நுனியிலும் அது இருப்பதில் ஒரு நியாயம் உண்டு. என் சித்தியின் தொடைச் சதைக்குள் அதற்கு என்ன வேலை? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுவில் இந்தக் கேள்வியைக் கேட்க ஆரம்பித்தேன். இன்னும் விடை கிடைக்கவில்லை. கோபம் மட்டும் மிச்சமிருக்கிறது.

அப்போது நான் திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியின் பரிசோதனை அறையில் இருந்தேன். அறுத்தெடுத்த சதையை மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் துண்டில் ஒட்டிச் சாயம் ஏற்றுவது என் வேலை. மைக்ராஸ்கோப்பில் பார்த்து இன்ன நோய் என்று சொல்வது டாக்டர். சித்தி, அம்மாவின் கடைசித் தங்கை, நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள். பூப் பறிக்கக் குனியும்போது தொடையில் ஏதோ உருளுகிறது என்று வந்தாள். கட்டியை அறுத்து எடுத்தார்கள்.

எங்கள் பக்கத்தில் உடம்பிலிருந்து அறுத்ததைச் சொந்த மண்ணில்தான் புதைப்போம். வேறெங்கோ போட்டுவிட்டால் கடைசியில் உடம்பு முழுசாகப் போய்ச் சேராது என்பார்கள். ஆஸ்பத்திரியும் தடுக்காது, சோதனைக்கு ஒரு துண்டு இருந்தால் போதும். அன்றும் அறுவை டாக்டர் கட்டியை இரண்டாகப் பிளந்து சித்தப்பாவிடம் காட்டினார். ஒரு பாதி நீலம் ஓடிய வெள்ளையாக இருந்தது, கத்திக்கு நறநறத்தது. மறு பாதி மீன் சதைபோல மெத்தென்று இருந்தது.

சித்தப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். "கெட்டியா இருக்குல்ல, அதுதான் நோவு. அத நீங்க வச்சுக்கங்க சார். மெத்துன்னு இருக்கறது அவ சதை. அத எங்கிட்டக் குடுத்துருங்க" என்றார்.

பக்கத்தில்தான் நின்றேன். யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. வாழை இலையில் சுற்றி, துணிப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனார்.

கெட்டிப் பாதி என் கைக்கு வந்தது. சாயம் ஏற்றியதும் டாக்டர் என்னையும் பார்க்கச் சொன்னார். பனிமூட்டம் மாதிரி வெளிறிய நீலம். அதில் சின்னச் சின்னக் குழிகள். குழிக்கு ஒன்றாக, சிலவற்றில் இரண்டாக, செல்கள் அடக்கமாக உட்கார்ந்திருந்தன. "சாதுவான குருத்தெலும்பும்மா. சதைக்குள்ள இது எப்படி வந்துச்சோ, தெரியல. ஆனா கெடுதல் இல்ல" என்றார். வீடே நிம்மதியாக மூச்சு விட்டது. அம்மா கோயிலுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டாள்.

மறு வருஷம் சித்தி நொண்டிக்கொண்டே வந்து நின்றாள். "போன மச்சான் திரும்பி வந்தான் பூ மணத்தோடன்னு அந்தக் கட்டி வந்திருக்குடி" என்று சிரித்தாள்.

இந்த முறை கட்டி முழுவதும் எங்கள் அறைக்கே வந்தது. மெத்தென்ற இடத்தில் சீவியதைப் பார்த்தேன். கேப்பைத் தானியத்தைக் கொட்டிப் பரப்பியதுபோல, கருநீலத்தில் பொடிச் செல்கள். ஒன்றுக்கொன்று இடமே விடாமல் நெருக்கிக்கொண்டிருந்தன. நடுவே மான்கொம்பாகக் கிளைத்த ரத்தக் குழாய்கள். அந்தக் கூட்டத்துக்குள் அங்கங்கே, ஒன்றும் அறியாததுபோல, போன வருஷம் பார்த்த அதே குருத்தெலும்புத் திட்டுகள்.

"இந்தப் பொடிச் செல்லுதான் கொல்றது. போன தடவை இது எங்க போச்சு?" என்றார் டாக்டர்.

மெத்தென்ற பாதி தோட்டத்துக்குப் போன கதையைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். காலை வெட்டி எடுத்தாலும் பயனில்லை, நெஞ்சு எக்ஸ்ரேயில் நுரையீரலெங்கும் புற்று பரவிய புள்ளிகள் தெரிந்துவிட்டன என்று பிறகு சித்தப்பாவிடம் சொன்னார்.

சித்தப்பா ஊருக்குப் போய், புதைத்த இடத்தை மண்வெட்டியால் தோண்டிப் பார்த்திருக்கிறார். திரும்பி வந்தபோது நகக்கண்ணில் செம்மண். "ஒண்ணுமே இல்ல புள்ள, மண்ணு தின்னுருச்சு" என்றார். பிறகு டாக்டரைப் பார்த்து, "அன்னைக்கு அந்தப் பாதிய உங்ககிட்டக் குடுத்திருந்தா இவ பொழச்சிருப்பாளா சார்?" என்று கேட்டார். "சொல்ல முடியாதுங்க" என்றார் டாக்டர். அது உண்மைதான். ஆனால் அந்த உண்மை சித்தப்பாவைச் சாகும்வரை தூங்க விடவில்லை. அவரைத் திட்டவும் முடியாமல் தேற்றவும் முடியாமல் நான் தவித்தேன்.

சித்தி அந்தச் செல்களைத் தானும் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். டாக்டர் இல்லாத மத்தியானம் அவளை முக்காலியில் உட்கார வைத்து, கண்ணை எங்கே வைப்பது என்று காட்டிக்கொடுத்தேன்.

"ஆத்தாடி, அம்புட்டும் எனக்குள்ள இருந்ததா?"

"ஆமா சித்தி."

"இது உசுரோடயா இருக்கு?"

"இல்ல. மருந்துல போட்டதுமே செத்துப்போச்சு."

அவள் கண்ணை எடுக்கவில்லை. "அப்ப இதக் கொல்ல முடியுதுல்ல? உள்ள இருக்கறதையும் கொன்னுரு புள்ள" என்றாள். அதில் கெஞ்சல் இல்லை. வெஞ்சனத்தைத் தாளித்துவிடு என்பதுபோல, ஒரு வேலையாகத்தான் சொன்னாள்.

"சரி சித்தி" என்றேன்.

ஐப்பசி மழைக்கு அவள் இல்லை. நான் தூக்கத்தில் பேசுகிறேன் என்று வீட்டில் சொல்கிறார்கள். என்ன பேசுகிறேன் என்று கேட்டால், "'சரி, சரி'ன்னு மட்டும் சொல்றீங்க" என்கிறார்கள்.