கடைசி பெஞ்சிலிருந்து போன பாடம்

முன்னெல்லாம் முகத்தைப் பாத்துப் பாடம் நடத்துவோம், இப்ப உச்சந்தலையைப் பாத்து நடத்துறோம். மணவாள நகர்லேர்ந்து ரெண்டு பஸ் மாறி, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டின பாலிடெக்னிக்குக்குப் போய், டிரான்ஸ்ஃபார்மரைப் பத்தித் தொண்டை கிழியக் கத்துறவ நான். கேக்குற புள்ளைங்களோட கண்ணும் கையும் பெஞ்சுக்கு அடியில மெசேஜ் அடிச்சுக்கினு இருக்கும். சாக்பீஸ் பிடிச்ச உங்களுக்கெல்லாம் இந்த வயித்தெரிச்சல் தெரியாததா?

புதுப் புடவை

ஒருநாள் புதுப் புடவை கட்டிக்கினு போனேன். போர்டு பக்கம் திரும்பினாலே பின்னால சிரிப்பு. திரும்பிப் பாத்தா எல்லாத் தலையும் குனிஞ்சு கிடக்கு. என்னைத்தான் கிண்டல் பண்ணுதுங்கன்னு புரிஞ்சதும் அழுகையே வந்துடுச்சு.

மணி அடிச்சதும் முதல் பெஞ்சு திவ்யா மெதுவா வந்தா. "முந்தானையில விலைச் சீட்டு தொங்குது மேம். வாயால சொன்னா சங்கடப்படுவீங்கன்னு குரூப்புல மட்டும் போட்டுக்கினோம்."

ஒரு வாரத் தண்டனை

கடைசி பெஞ்சு பவித்ரா வேற ரகம். சிரிக்க மாட்டா, பேச மாட்டா. நான் வாயைத் திறந்ததுலேர்ந்து மூடுற வரைக்கும் டைப் அடிப்பா. ஒருநாள் பொறுக்காம போனைப் பிடுங்கிட்டேன். மாட்டின போன் ஒரு வாரம் ஆபீஸ் பீரோவுல இருக்கணும்னு எங்க காலேஜ்ல சட்டம்.

"ஒரு வாரம் வேணாம் மேம், சாயங்காலமே குடுத்துடுங்க"ன்னு கெஞ்சினா. அப்படி யாருக்குடி அவசரமா அனுப்புறேன்னு கேட்டேன். வாயே தொறக்கல. அந்தப் பிடிவாதத்துல எனக்கு இன்னும் கோபம் ஏறிடுச்சு.

பக்கத்து வகுப்பு சீனிவாசன் சார் டீயை ஆத்திக்கினே சொன்னார்: "காதலாத்தான் இருக்கும் மேடம். ஒரு வாரத்துல ஆறிடும், விடுங்க."

பாதிப் பேப்பர்

அடுத்த வாரம் டெஸ்ட். ஒரு மாசமா வராத ஆரணி செல்வியும் எழுத வந்தா. அப்பாவுக்குக் கால் உடைஞ்சுடுச்சுன்னு லீவுல இருந்தவ. அவ நாப்பது மார்க் வாங்கலைன்னா பேரை எடுத்துடுவேன்னு பிரின்சிபால் சொல்லியிருந்தார்.

பேப்பரைத் திருத்தினேன். முதல் மூணு பதிலும் அச்சு அசல் என் பேச்சு. நடுவுல ஒரு இடத்துல இப்படி இருந்தது: "டிரான்ஸ்ஃபார்மரில் உள்ள எண்ணெய் சூட்டை வாங்கிக்கொள்ளும். மூணாவது பெஞ்சு, கொட்டாவி விட்டா வாயை மூடிக்கோ. அந்தச் சூட்டை வெளிக்குழாய்கள் ஆற்றும்." விழுந்து விழுந்து சிரிச்சேன். அடுத்த பக்கத்தைப் புரட்டினா வெள்ளைத்தாள். மொத்தம் இருபத்தெட்டு மார்க்தான்.

செல்வியைத் தனியா கூப்பிட்டுக் கேட்டதும் எல்லாத்தையும் சொல்லிட்டா. அப்பா படுத்ததுலேர்ந்து இவதான் கம்பெனிக்கு பேக்கிங் வேலைக்குப் போறா. வேலைக்குப் போறது காலேஜுக்குத் தெரியக்கூடாது. இவகிட்ட இருக்கிறது பட்டன் போன், போட்டோ வராது. அதனால பவித்ரா என் பாடத்தை வார்த்தைக்கு வார்த்தை டைப் அடிச்சு அனுப்பியிருக்கா. இவ சாப்பாட்டு நேரத்துல உக்காந்து மனப்பாடம் பண்ணியிருக்கா.

மீதியை ஏன் எழுதலைன்னு கேட்டேன். "அதுக்கப்புறம் பாடம் வரலை மேம். நீங்கதான் நாலஞ்சு நாளா லீவுன்னு நெனச்சுக்கினேன்."



ரெண்டு வரி

வாரம் முடியுறதுக்கு முன்னாடியே பீரோவைத் திறந்து போனை நானே பவித்ரா கையில குடுத்தேன். பிரின்சிபால்கிட்ட மன்றாடி செல்விக்கு இன்னொரு டெஸ்ட் வாங்கினேன். விட்டுப்போன பாடத்தை முதல்லேர்ந்து நடத்தினேன், பவித்ரா டைப் அடிக்கத் தோதா ரொம்ப நிதானமா.

அந்த நேரம் பார்த்து பிரின்சிபால் வராந்தாவுல வந்தார். பவித்ரா குனிஞ்சு டைப் அடிக்கிறா, நான் சாக்பீஸோட சும்மா நிக்கிறேன். "இன்னா மேடம், அந்தப் பொண்ணு போனை நோண்டுது, நீங்க வேடிக்கை பாக்குறீங்க?"ன்னு கேட்டார். நான் பதில் தேடுறதுக்குள்ள பவித்ரா தலையைத் தூக்காமலே சொன்னா: "இன்னும் ரெண்டு வரிதான் சார்."

ரெண்டாவது டெஸ்டுல செல்வி நாப்பத்திரண்டு வாங்கித் தேறிட்டா. போனைப் பிடுங்கின எனக்குத்தான் பவித்ரா இன்னும் பாஸ் மார்க் போடலை.