அனுமதி இல்லாத கிளை

நீங்கள் நம்பாவிட்டாலும் இது நடந்தது. இங்கிலாந்தின் ஹெர்ஃபோர்ட்ஷயரில் இன்றும் அந்த மரத்தின் அடிக்கட்டை இருக்கிறது.

மரம் ஏறி வெட்டுவது என் தொழில். அந்த ஓக் மரம் மிஸஸ் பார்கெட்டருடையது. சாலைப் பக்கம் சாய்ந்து நின்றது. விழுந்து யாருக்காவது அடிபட்டால் அவர்தான் பொறுப்பு. அதே சமயம் அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட மரம். அனுமதியில்லாமல் வெட்டினால் அதற்கும் வழக்கு அவர்மேல்தான். பட்டுப்போன கிளைகளை வெட்ட மட்டும் கவுன்சில் அனுமதித்திருந்தது.

“பச்சைக் கிளையத் தொட்டுடாதே, க்ளின். அபராதம் கட்ட வீட்டைத்தான் விக்கணும்” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

நவம்பர் மதியம். மூடுபனி. இரண்டு கிளைகளை வெட்டி முடித்தபோது தரை தெரியவில்லை.

டொக்... டொக்...

“மேல யாரு?”

கீழேயிருந்து என் கூட்டாளி நெவில் கேலி செய்கிறான் என்று நினைத்தேன்.

“உன் மாமனாரு! போய் டீயைப் போடுடா!”

“என்னை வெளியே எடு...”

அது நெவிலின் குரல் இல்லை. கீழேயிருந்தும் வரவில்லை. நான் காலூன்றியிருந்த மரத்துக்குள்ளிருந்து வந்தது.

இறங்கப் பார்த்தேன். மேல்கிளையில் போட்டு இடுப்பில் கட்டியிருந்த கயிறு இறுகியது. நெஞ்சு மரத்தோடு அழுந்தியது. இடது கை நடுவில் மாட்டிக்கொண்டது.

“நெவில்!”

மறுபடியும் கத்தினேன்.

குனிந்து பார்த்தேன். கயிறு மரப்பட்டைக்குள் போய்க்கொண்டிருந்தது. அங்கே பொந்து இல்லை. வெடிப்புகூட இல்லை...

இன்னும் கொஞ்சம் போனது.

மூச்சு முட்டியது.

“எடு...”

வலது கையில் ரம்பம். கயிறு தொங்கிய கிளை மட்டுமே அதற்கு எட்டியது.

பச்சைக் கிளை.

அறுத்தேன்.

மடார்!

கயிறு தளர்ந்தது. மரத்தைக் கட்டிப்பிடித்தபடி சறுக்கி விழுந்தேன். பெட்ரோல் வாங்கப் போயிருந்த நெவில் அப்போதுதான் திரும்பி வந்தான்.

“பச்சைக் கிளைய வெட்டிட்டியே, பாவி!”

விசாரிக்கக் கவுன்சிலின் மர அதிகாரி வந்தார். சுத்தியலால் அடிமரத்தைத் தட்டினார். உள்ளே வெறும் கூடு. எந்த நேரமும் விழும் என்று சொல்லி, முழு மரத்தையும் வெட்ட அவரே உத்தரவு போட்டார். வழக்கு இல்லை.

சாய்த்தோம். கூட்டுக்குள் ஒரு மனிதனின் எலும்புகள், நின்ற வாக்கில். அவன் உள்ளே விழுந்த பொந்தின் வாய், மேலே பட்டை வளர்ந்து மூடி நூறு வருடத்துக்கு மேலாகிறது என்றார் அதிகாரி.

உட்சுவர் முழுக்க நகக் கீறல்கள். எல்லாம் கறுத்து உளுத்திருந்தன.

உச்சியில் இருந்த சில மட்டும் வெள்ளையாகத் தெரிந்தன. தொட்டுப் பார்த்தேன்.

ஈரமாக இருந்தது...