ஐஸ் பெக்டரியில் செய்த திருத்தம்

எங்கள் தொழிலில் ஒரு நாள் நல்லபடி போனது என்பதற்கு ஒரே அத்தாட்சி, அன்றைக்கு ஒருத்தரும் எங்களுக்கு எழுதவில்லை என்பதுதான். நாலு பேருக்கு இலவசமாக எதையாவது செய்து கொடுத்துவிட்டு, அது எங்கே பிழையாகிப் போகுமோ என்று பயந்துகொண்டிருக்கிறவரா நீங்கள்? அப்படியென்றால் நீங்களும் நம்ம ஆள்தான்.

நான் பராமரிப்பது ஒரு மென்பொருள். ஓர் இணையத்தளத்துக்கு ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் வந்தால், அது முன்னால் நின்று, வருகிறவர்களைப் பின்னாலுள்ள சேர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும். நிரல் திறந்தே கிடக்கிறது, யாரும் எடுத்துப் பாவிக்கலாம். பொறுப்பாக இருப்பவர்கள் இரண்டே பேர்: பிரேசிலில் பாவ்லோ, இலங்கையில், கற்பிட்டியில் நான்.

தொழில் என்ற கட்டம்

ஒரு படிவம் நிரப்ப உம்மாவோடு கிராம சேவகரிடம் போயிருந்தேன். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பம் நாங்கள். அகதிப் படிவங்களில் தொடங்கிய பயம், இத்தனை வருடத்துக்குப் பிறகும் உம்மா ஒரு படிவத்தைத் தனியாக நிரப்பமாட்டார். 'தொழில்' என்ற இடத்தில் கிராம சேவகர் பேனாவை நிறுத்தினார். என் வேலையைச் சொன்னேன்.

"எந்தக் கம்பனி?"

"கம்பனி இல்ல சேர். பல நாட்டு ஆக்கள் பாவிக்கிறாங்க."

"சம்பளம்?"

"இல்ல."

உம்மா மேசைக்கடியில் என்னைக் கிள்ளினார். கிராம சேவகர், எங்களுக்கு நல்லது செய்கிற குரலில் சொன்னார்: "வெளிநாடு எண்டு எழுதினா ஆயிரம் கேள்வி வரும் தங்கச்சி, 'தொழில் இல்லை' எண்டே போடுவம்."

இரண்டு செக்கன்

பின்னாலுள்ள சேர்வர்கள் வேலை செய்கின்றனவா என்று எங்கள் மென்பொருள் அடிக்கடி கேட்டுப் பார்க்கும். பதில் வராத சேர்வரை ஒதுக்கிவிடும். செத்த சேர்வரைச் சீக்கிரம் கண்டுபிடிக்கட்டும் என்று, பதிலுக்காகப் பத்து செக்கன் காத்திருந்ததை நான் இரண்டாகக் குறைத்தேன். பாவிப்பவர்கள் அதை மாற்றிக்கொள்ள ஒரு வழி வைக்க மறந்தும்போனேன். பாவ்லோ சரி என்றார். ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைத்த புதிய பதிப்போடு அதுவும் வெளியே போனது.

திங்கட்கிழமை மதியம் லுஹர் தொழுதுவிட்டுச் சோற்றில் கை வைக்கும்போது முறைப்பாடு வந்தது. ஐரோப்பாவில் ஓர் ஆஸ்பத்திரி. காலை நெரிசலில் அவர்களுடைய சேர்வர் ஒன்று சுணங்கி, இரண்டு செக்கன் கடந்துதான் பதில் சொல்லியிருக்கிறது. எங்கள் மென்பொருள் அதைச் செத்ததாக எடுத்து ஒதுக்கி, அதன் பாரத்தையும் மற்றவற்றின் தலையில் ஏற்றிவிட்டது. அவையும் சுணங்கின. ஒவ்வொன்றாக அங்கிருந்த ஆறு சேர்வரும் போய், நோயாளிகளின் பதிவு எதையும் திறக்க முடியவில்லை. பழைய பதிப்புக்குத் திரும்பினால் ஓட்டை திறந்துகொள்ளும். முறைப்பாட்டின் கடைசி வரி இது: "இந்த இரண்டு செக்கனைத் தீர்மானித்தவர் யார்?"

பிளக்

பதில் எழுதத் தொடங்கினேன், கரண்ட் போனது. லெப்டொப் பற்றரி எப்போதோ பழுது. பாவ்லோ, குழந்தை பிறந்து நாலு நாள் என்று லீவில் இருந்தார். எங்கள் தெருவில் ஜெனரேட்டர் ஓடுகிற ஒரே இடம் ஐஸ் பெக்டரி. லெப்டொப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடினேன். அங்கே மனேஜராக இருக்கும் அந்தோனி அண்ணன் ஒன்றும் கேட்காமல் தன் மின்விசிறியின் பிளக்கைக் கழற்றிவிட்டு, கதிரையையும் தந்தார்.

பழைய பத்து செக்கனையே வைத்து, அதை மாற்றிக்கொள்ள வழியும் சேர்த்தேன்; திருத்தம் பத்து நிமிடத்தில் முடிந்தது. ஆனால் அதைச் சரிபார்க்கிற தானியங்கிச் சோதனைகள் ஓடி முடிய இருபது நிமிடம். வெளியே மீனுக்கு ஐஸ் ஏற்ற வந்த போட்டுக்காரர்கள் காத்து நிற்க, ஐஸ் அரைக்கிற சத்தத்தில் கதிரை அதிர்ந்தது. அத்தனை ஐஸுக்கு நடுவிலும் எனக்கு வியர்த்து ஊற்றியது. கடைசிச் சோதனை சிவப்பாகி, பிழை என்று காட்டி நின்றது. அவசரத்தில் ஓர் எழுத்தை விட்டிருந்தேன். திரும்ப இருபது நிமிடம் என்றதும் அழுகை வந்துவிட்டது.

அந்தோனி அண்ணன் பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார். "ஆருக்கும் சுகமில்லையா தங்கச்சி?"

"ஐரோப்பாவில ஒரு ஆஸ்பத்திரி அண்ணே. நான் செஞ்ச பிழையால நிண்டுபோச்சு."

அவர் ஸ்கிரீனைப் பார்த்தார், பிளக்கைப் பார்த்தார். "அங்க கரண்ட் இருக்குத்தானே, பிறகு ஏன் எங்கட கரண்ட்?"

பதில்

இரண்டாவது தடவை எல்லாம் பச்சையாகின. வெளியிட்டேன். 'இரண்டு செக்கனைத் தீர்மானித்தது நான்தான், மன்னியுங்கள்' என்று எழுதினேன். பிறகு அவர்கள் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை. பின்னேரமாகி, பள்ளியில் அஸருக்குப் பாங்கு சொன்னது. எங்கேயோ ஒரு டொக்டர், பெயர் மட்டும் தெரிந்த நோயாளியின் முன்னால் கைகட்டி நிற்பதாகவே மனதில் ஓடியது. இப்படிக் காத்திருந்தவர்களுக்குத்தான் அந்த நேரத்தின் நீளம் தெரியும்.

கடைசியில் அந்த ஆஸ்பத்திரியின் பொறியியலாளர் எழுதினார். ஆறு சேர்வரும் எழும்பிவிட்டன. அதுவரை எல்லாவற்றையும் தாளில் எழுதிச் சமாளித்தார்களாம், ஒருத்தருக்கும் தீங்கில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொன்னேன். கீழே இன்னும் ஒரு வரி இருந்தது: "எங்களில் பதினொரு பேர் இதற்காக நின்றோம், உங்கள் பக்கத்தில் எத்தனை பேர்?"

விலகல் கடிதம்

அன்றைக்கே பாவ்லோவுக்கு எழுதினேன். எனக்குப் பயமாக இருக்கிறது, நிரலை மாற்றுகிற என் அனுமதியை எடுத்துவிடுங்கள் என்று. மூன்று நாள் பதில் இல்லை. கோபம் என்று நினைத்தேன்.

பிறகு எழுதினார். என் மாற்றத்தை அவர் வாசிக்காமலே சரி என்றிருந்தாராம். மனைவிக்கு வலி தொடங்கியிருந்த நேரம். பிழையில் பாதி தன்னுடையது என்று ஒத்துக்கொண்டுவிட்டு, இப்படி முடித்திருந்தார்: "நீ போனால் மிஞ்சுவது நானும் தூங்காத ஒரு குழந்தையும்தான், எங்களில் யாரிடம் அந்த ஆஸ்பத்திரியைக் கொடுக்கப் போகிறாய்?"

இந்த வேலைக்கு வரச் சொல்லி என்னை ஒருத்தரும் கூப்பிடவில்லை, போகத்தான் ஒருத்தரும் விடுகிறார்களில்லை.